பிரிட்பாப்: ஒரே ஒரு பாட்டுக்குத்தான் இடம் என்றால்

2025 ஜூலை 4 அன்று கார்டிஃபில் ஒயாசிஸ் குழு மறுபடி மேடையேறியதிலிருந்து ஒரு பழைய சண்டை புதிதாகக் கிளம்பியிருக்கிறது. தொண்ணூறுகளில் பிரிட்டனைக் கலக்கிய கித்தார் அலை, அதாவது பிரிட்பாப், அதில் தலைசிறந்த பாட்டு எது? அந்தக் குழுவின் அண்ணன் தம்பி, நோயல் காலகரும் லியாம் காலகரும், ராசியானதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்த புதியவர்கள் ஒயாசிஸின் 'வொண்டர்வால்' என்கிறார்கள். அப்போதே எம்.டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு பல்ப் குழுவின் 'காமன் பீப்பிள்' என்கிறார்கள். கேட்டு எழுதும் வாசகர்கள் சிலருக்கு இது வெறும் விவாதமில்லை. நண்பருக்கு ஒரு பாட்டை அனுப்பி அந்தக் காலத்தை அறிமுகம் செய்ய வேண்டும், கல்லூரி மேடையில் ஒன்றைப் பாட வேண்டும், பயணப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். "எல்லாமே நல்ல பாட்டுதான்" என்ற பதில் இவர்களில் யாருக்கும் உதவாது.

எல்லையை முதலில் போட்டுக்கொள்வோம். 1992-இல் ஸ்வேட் குழுவின் முதல் சிங்கிளில் (ஆல்பமாக இல்லாமல் தனியாக வெளியிடும் பாட்டு) தொடங்கி, 1997 ஆகஸ்டில் ஒயாசிஸின் மூன்றாவது ஆல்பம் 'பி ஹியர் நவ்' வந்து சப்பென்று போனதுவரை. ரேடியோஹெட் குழு இதில் கிடையாது. அவர்கள் அதே ஊரில் வேறு தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

ஐந்து அளவுகோல்கள் வைத்துக்கொள்கிறேன்.

1. காலத்தின் முத்திரை. நிர்வாணா போன்ற குழுக்களின் கரடுமுரடான ராக் இசையான அமெரிக்க கிரஞ்ச் அலைக்கு எதிராக "எங்கள் ஊர், எங்கள் பேச்சு" என்று கிளம்பிய இசை இது. அந்த ஊரும் பேச்சும் பாட்டுக்குள் இருக்கிறதா?
2. மெட்டும் கட்டுமானமும். வரலாறு தெரியாதவர் காதிலும் நிற்குமா?
3. கூட்டம் பாடுமா? பப்பிலும் திறந்த மைதானத்திலும் வாழ்ந்த இசைக்கு இது முக்கியம்.
4. தேய்மானம். முப்பது வருடம் கழித்துக் கேட்டால் அலுக்கிறதா?
5. மறைவான விலை. இதைத் தேர்ந்தெடுத்தால் எதை இழக்கிறோம்?

விற்பனைத் தரவரிசையை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. காரணம் இரண்டு டி.வி. நடிகர்கள். 'சோல்ஜர் சோல்ஜர்' என்ற தொடரில் நடித்துப் பிரபலமான ராப்சன் கிரீனும் ஜெரோம் ஃப்ளினும் பழைய பாடல்களை மறுபடி பாடி சிங்கிள்களாக வெளியிட்டார்கள். 1995 கோடையில் 'காமன் பீப்பிள்' முதலிடம் போகாமல் தடுத்தது அவர்களின் 'அன்செயின்டு மெலடி'. அதே ஆண்டு நவம்பரில் 'வொண்டர்வால்' இரண்டாமிடத்தோடு நின்றதற்கும் அவர்களே காரணம். அந்த இரண்டு வெற்றிகளையும் இன்று யார் கேட்கிறார்கள்?

ஆனாலும் எண்களைப் பார்க்காமல் சிலருக்கு மனசு ஆறாது. அவர்களுக்காக:

| பாட்டு | குழு | வெளிவந்தது | பிரிட்டனில் உச்ச இடம் | வலு | மறைவான விலை |
|---|---|---|---|---|---|
| ஆனிமல் நைட்ரேட் | ஸ்வேட் | 1993 | 7 | கித்தாரும் துணிச்சலும் | குழுவே இந்த முத்திரையை ஏற்கவில்லை |
| கேர்ள்ஸ் அண்ட் பாய்ஸ் | பிளர் | 1994 | 5 | பேஸ் கித்தார், நடனம் | கேலிக்குப் பின்னால் மனசு தெரியாது |
| லிவ் ஃபாரெவர் | ஒயாசிஸ் | 1994 | 10 | நம்பிக்கை | ஊரின் வாசனை குறைவு |
| காமன் பீப்பிள் | பல்ப் | 1995 | 2 | கதை, கோபம் | வரிகள் புரியாவிட்டால் பாதிதான் |
| வொண்டர்வால் | ஒயாசிஸ் | 1995 | 2 | எல்லோருக்கும் தெரியும் | எல்லோருக்கும் தெரியும் |
| டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர் | ஒயாசிஸ் | 1996 | 1 | கூட்டத்தின் குரல் | வரிகளுக்குப் பெரிய பொருளில்லை |
| பிட்டர் ஸ்வீட் சிம்பொனி | தி வெர்வ் | 1997 | 2 | கம்பீரம் | காலத்தின் விளிம்பில் வந்தது |

பிளரின் 'கன்ட்ரி ஹவுஸ்' எங்கே, ஒயாசிஸின் 'ரோல் வித் இட்' எங்கே என்று கேட்பீர்கள். 1995 ஆகஸ்ட் 14 அன்று பிளரும் ஒயாசிஸும் ஒரே நாளில் சிங்கிள் வெளியிட்டு மோதிக்கொண்டது உண்மை. பிபிசி செய்தியிலேயே அது வந்தது. பிளர் சுமார் 2,74,000 பிரதிகளும் ஒயாசிஸ் சுமார் 2,16,000 பிரதிகளும் விற்றன. சண்டை பெரியது. பாட்டுகள் இரண்டும் அந்தந்தக் குழுவின் முதல் பத்தில்கூட வராதவை.

## ஸ்வேட்: ஆனிமல் நைட்ரேட்

பெர்னார்ட் பட்லரின் கித்தார் முதல் நொடியிலேயே கழுத்தைப் பிடிக்கும். பாடகர் பிரெட் ஆண்டர்சன் பாடுவது கவுன்சில் வீடு (ஏழைகளுக்கு நகராட்சி வாடகைக்குத் தரும் வீடு), போதை, வன்முறை கலந்த காமம். 1993-இல் இதை பிரிட்டிஷ் இசைத் துறையின் பிரிட் விருது மேடையில் பாடியபோது அங்கே உட்கார்ந்திருந்த கோட்டு சூட்டுகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசு அந்த ஆண்டு ஸ்வேடின் முதல் ஆல்பத்துக்குத்தான் போனது.

சிக்கல் ஒன்றுதான். 1993 ஏப்ரலில் 'செலக்ட்' பத்திரிகை ஆண்டர்சனைப் பின்னால் பிரிட்டிஷ் கொடி பறக்க அட்டையில் போட்டது. அந்தக் கொடியையும் அதைச் சுற்றிக் கிளம்பிய கூச்சலையும் அவர் கடைசிவரை ஏற்கவில்லை. வேண்டாம் என்று விலகி நிற்பவர் கழுத்தில் மாலையைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. டேவிட் போவியும் தி ஸ்மித்ஸும் பிடித்தவருக்கு பிரிட்பாப்பை அறிமுகம் செய்கிறீர்கள் என்றால், வாசல் இதுதான்.

## பிளர்: கேர்ள்ஸ் அண்ட் பாய்ஸ்

பிளர் கதை 1992-இன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தொடங்குகிறது. கடன், குடி, காலியான அரங்குகள், வீட்டு ஞாபகம். அந்த எரிச்சலில்தான் பாடகர் டேமன் ஆல்பர்ன் முழுக்க முழுக்க ஆங்கிலேயத்தனமான பாட்டுகளை எழுத ஆரம்பித்தார். 1994 ஏப்ரலில் வந்த 'பார்க்லைஃப்' ஆல்பம் அதன் உச்சம். மறு ஆண்டு பிரிட் விருதுகளில் நான்கை அள்ளியது.

'கேர்ள்ஸ் அண்ட் பாய்ஸ்' மலிவு விலைச் சுற்றுலாவில் மத்தியதரைக் கடற்கரைக்குப் போய் ஆடித் தீர்க்கும் பிரிட்டிஷ் இளசுகளைப் பற்றியது. அலெக்ஸ் ஜேம்ஸின் பேஸ் கித்தார் டிஸ்கோவில் இருந்து நேராக வந்தது. இன்றும் நடனத்துக்குக் குறையில்லை, தேய்மானம் மிகக் குறைவு.

ஆனால் பிளரின் இந்தக் காலப் பாட்டுகளில் ஒரு தூரம் இருக்கிறது. கடற்கரையில் ஆடுபவர்களை ஆல்பர்ன் மாடியிலிருந்து பார்க்கிறார். நடிகர் ஃபில் டேனியல்ஸ் பேசியே நகர்த்தும் 'பார்க்லைஃப்' பாட்டிலும் இதேதான். சிரிக்க வைக்கும், ஆனால் சிரிப்பு யாரைப் பார்த்து என்பது சங்கடமான கேள்வி.

அந்தத் தூரம் மறையும் ஒரு பாட்டு அதே ஆல்பத்தில் உண்டு: 'திஸ் இஸ் எ லோ'. பிபிசி வானொலியில் நள்ளிரவு தாண்டி வாசிக்கப்படும் கடல் வானிலை அறிக்கையை வைத்து எழுதியது. அறிக்கையில் வரும் கடற்பகுதிகளின் வரைபடம் அச்சிட்ட கைக்குட்டையை அலெக்ஸ் ஜேம்ஸ் ஆல்பர்னுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்திருந்தார். அந்தப் பெயர்களைக் கோத்து நாடு முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வருகிறது பாட்டு. கிரஹாம் காக்ஸனின் கித்தார் அழும். என் தனிப்பட்ட பிரியம் இதற்குத்தான். சிங்கிளாக வராத, கூட்டமே சேர்ந்து பாடாத ஒன்றை ஒரு காலத்தின் தலைசிறந்த பாட்டு என்று நிறுத்த முடியாது என்பதால் போட்டியில் சேர்க்கவில்லை. தனியாக, இரவில், ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு வேறு எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## ஒயாசிஸ்: மூன்றில் எது?

ஒயாசிஸ் ரசிகர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. அதனால் உள்ளூர்த் தேர்தலை முதலில் முடிப்போம்.

லிவ் ஃபாரெவர். நோயல் காலகர் மான்செஸ்டரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். காலில் அடிபட்டு, சேமிப்புக் கிடங்கில் இலகுவான வேலைக்கு மாற்றப்பட்டார். அங்கே கிடைத்த ஓய்வில் பாட்டு எழுதினார். அந்தச் சமயத்துப் பாட்டு இது. பிறகு நிர்வாணாவின் கர்ட் கோபேன் தன்னையே வெறுக்கும் பாட்டு எழுதியதைக் கேட்டு, எல்லாம் இருப்பவன் சாக வேண்டும் என்கிறான், ஒன்றுமில்லாத நான் வாழ வேண்டும் என்கிறேன் என்ற பொருளில் நோயல் பேசியிருக்கிறார். அந்தப் பிடிவாதம் மெட்டிலேயே இருக்கிறது. குழுவின் பாடகரான தம்பி லியாமின் குரல் இதைவிடத் தெளிவாக எங்கும் ஒலித்ததில்லை.

வொண்டர்வால். நல்ல பாட்டு. அதை ஒத்துக்கொள்ள இன்று தைரியம் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கித்தார் வாங்கிய ஒவ்வொருவரும் முதல் மாதத்தில் வாசிப்பது இதைத்தான். மாறாத இரண்டு விரல்கள், இரண்டாம் கட்டில் ஒரு காப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி), அவ்வளவே. வந்த இரண்டே மாதத்தில் மைக் ஃப்ளவர்ஸ் பாப்ஸ் இதை அறுபதுகளின் ஹோட்டல் இசை பாணியில் கிண்டலாகப் பாடி அதையும் இரண்டாமிடத்துக்குக் கொண்டுபோனார்கள். லியாமே இதைப் பாடிப் பாடி வெறுத்துப்போனதாகச் சொன்னவர். தேய்மானம் என்ற அளவுகோலில் இந்தப் பட்டியலில் மிக மோசமான மதிப்பெண் இதற்குத்தான். அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போனதால், பிரிட்டனுக்கு வெளியே பிரிட்பாப் என்றாலே இதுதான் என்றாகிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று வேண்டும் என்றால் இதையே எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர். இதிலும் 'வொண்டர்வால்' பாட்டிலும் ஏதாவது ஒன்றை நானே பாடுவேன் என்று நோயல் சொல்ல, லியாம் 'வொண்டர்வால்' எடுத்துக்கொண்டார். மிச்சம் அண்ணனுக்கு. தொடக்கப் பியானோ ஜான் லெனனின் 'இமாஜின்' பாட்டிலிருந்து வந்தது, நோயல் அதை மறைத்ததே இல்லை. பாட்டில் வரும் சாலி எந்த நிஜப் பெண்ணும் அல்ல. வரிகளைப் பிரித்துப் பார்த்தால் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

ஆனால் பல்லவி வரும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. 2017 மே மாதம் மான்செஸ்டர் அரீனாவில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் மௌன அஞ்சலி முடிந்த நிமிடத்தில், கூட்டத்தில் நின்ற ஒரு பெண் இந்தப் பாட்டை மெல்லப் பாட ஆரம்பித்தார். சுற்றியிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரும் திட்டமிடவில்லை. பொருள் திட்டமாக இல்லாததுதான் அங்கே உதவியது. கோபத்தோடு திரும்பிப் பார்க்காதே என்ற ஒரு தலைப்பும், எல்லோருக்கும் எட்டும் ஒரு மெட்டும் இருந்தன. மீதியை அந்த ஊர் நிரப்பிக்கொண்டது.

உள்ளூர்த் தேர்தலில் இதற்குத்தான் வெற்றி. 'லிவ் ஃபாரெவர்' தோற்றது நூலிழையில்.

## தி வெர்வ்: பிட்டர் ஸ்வீட் சிம்பொனி

மறைவான விலை என்ற சொல்லுக்கு நேரடி உதாரணம் வேண்டுமென்றால் இந்தப் பாட்டின் வழக்கைப் படிக்க வேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிய 'தி லாஸ்ட் டைம்' பாட்டை ஆண்ட்ரூ ஓல்டம் ஆர்கெஸ்ட்ரா அறுபதுகளில் வாத்திய இசையாகப் பதிவு செய்திருந்தது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதன் மேல் வயலின்களை அடுக்கி வெர்வின் பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் இதைக் கட்டினார். பதிவைப் பயன்படுத்த அனுமதி இருந்தது. பாடல் உரிமையோ ஸ்டோன்ஸின் முன்னாள் மேலாளர் ஆலன் கிளைன் கையில். சம்மதித்ததைவிட அதிகம் எடுத்துவிட்டீர்கள் என்று அவர் நிற்க, வெர்வின் மிகப் பெரிய வெற்றியில் பாடல் உரிமைப் பணம் ஸ்டோன்ஸின் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் கணக்கில் போனது. 2019-இல்தான் அவர்கள் இருவரும் அதை ஆஷ்கிராஃப்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

பாட்டு கம்பீரமானது. ஹாக்ஸ்டன் தெருவில் எதிரே வருகிறவர்களை இடித்துக்கொண்டே ஆஷ்கிராஃப்ட் நேராக நடக்கும் காணொளியை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். இருந்தாலும் இதில் பிரிட்பாப்பின் குறும்போ ஊர்க்கதையோ இல்லை. 1997 ஜூனில் விருந்து முடியும் நேரத்தில் வந்து சேர்ந்த பாட்டு. பிரிட்பாப்பே பிடிக்காதவருக்கு எதையாவது போட்டுக் காட்ட வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தம் கிடையாது.

## பல்ப்: காமன் பீப்பிள்

ஜார்விஸ் காக்கர் ஷெஃபீல்டில் பல்ப் குழுவைத் தொடங்கியது 1978-இல், பள்ளிப் பருவத்தில். பெரிய வெற்றி கிடைக்கப் பதினாறு பதினேழு வருடம் ஆனது. அந்த இடைவெளியில் பெரும்பகுதி அரசு உதவித்தொகையில் ஓடியது. 1988-இல் சினிமா படிக்க லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரிக்குப் போனார். அங்கே சந்தித்த ஒரு கிரேக்கப் பணக்கார மாணவி, சாதாரண மக்களைப் போல வாழ்ந்து பார்க்க ஆசை என்று சொன்னதுதான் பாட்டின் விதை. நாட்டிங் ஹில்லில் ஒரு பழைய பொருள் கடையில் வாங்கிய சின்ன கேசியோ கீபோர்டில் மெட்டு பிறந்தது. மெட்டு என்றுகூடப் பெரிதாகச் சொல்ல முடியாது, மூன்றே கார்டுகள்.

கட்டுமானத்தைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் ஒரு மெலிந்த கீபோர்டும் காக்கரின் கிசுகிசுப்பும் மட்டும். பெண்ணை அவர் சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போகிறார், கையில் காசில்லை என்று வைத்துக்கொள் என்கிறார், அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் இருந்து பாட்டு கொதிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு சரணத்துக்கும் வாத்தியங்கள் கூடுகின்றன, வேகமும் கூடுகிறது. சுவரில் கரப்பான் ஊர்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும், அப்பாவுக்கு ஒரு போன் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் நீ ஒருநாளும் எங்களில் ஒருத்தியாக முடியாது என்று முடிகிறது வாதம். வெளியே போக வழி இருப்பவனுக்கு வறுமை ஒரு சுற்றுலா. இதை நடனமாடக்கூடிய ஒரு பாப் பாட்டில் சொன்னதுதான் சாதனை.

முதல் அளவுகோலில் இதன் பக்கத்தில்கூட வேறு பாட்டு வர முடியாது. பிரிட்பாப் என்ற அலையே நடுத்தர வர்க்கத்துப் பையன்கள் தொழிலாளி வர்க்கத்து ஜாக்கெட்டையும் பேச்சையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்ட காலம். அந்த நாடகத்தை அதன் நடுவிலேயே நின்று காட்டிக்கொடுத்தது இந்தப் பாட்டு. பிளர் அந்த மக்களை மாடியிலிருந்து பார்த்தது, ஒயாசிஸ் அவர்களிலிருந்து வந்தும் அவர்களைப் பற்றி அதிகம் பாடவில்லை. பல்ப் மட்டும்தான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து கணக்குக் கேட்டது.

கூட்டம் பாடுமா? 1995 ஜூனில் கிளாஸ்டன்பரி என்ற பெரிய திறந்தவெளி இசை விழாவின் சனிக்கிழமை இரவு ஸ்டோன் ரோஸஸ் குழு பாட இருந்தது. அதன் கித்தார் கலைஞர் ஜான் ஸ்குவயர் காரை எலும்பை முறித்துக்கொண்டதால், அந்த இடம் கடைசி நேரத்தில் பல்ப் வசம் வந்தது. இந்தப் பாட்டு வெளிவந்து அப்போது ஒரு மாதம்தான். மைதானமே சேர்ந்து பாடியது. 2014-இல் பிபிசி 6 மியூசிக் வானொலி நேயர்கள் தங்களுக்குப் பிடித்த பிரிட்பாப் பாட்டாகத் தேர்ந்தெடுத்ததும் இதையே.

விலை இல்லாமல் இல்லை. ஆங்கில வரிகளைப் பின்தொடர முடியாதவருக்கு இது ஒரே சுருதியில் ஓடும் துள்ளல் இசை, அவ்வளவே. சரக்கு உள்ளே போனபின் பப்பில் பாடும்போது கிண்டல் மறைந்து, சாதாரண மக்களின் கொண்டாட்டப் பாட்டு என்றே ஆகிவிடுகிறது. அதிலும் நல்ல வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் சத்தமாகப் பாடுகிறார்கள். பாட்டு யாரைத் திட்டுகிறதோ அவர்களே கை தட்டுவதை காக்கர் முப்பது வருடமாக மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

## போட்டிக்கு வெளியே ஒன்று

கார்னர்ஷாப் குழுவின் 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா'வைக் கேட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். 1997-இல் வந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. டி.ஜே. நார்மன் குக் வேகம் கூட்டித் தந்த பதிப்பு 1998 பிப்ரவரியில் முதலிடம் பிடித்தது. குழுவின் பாடகர் ஜிந்தர் சிங் அதில் கொண்டாடுவது ஆஷா போன்ஸ்லேயை, நமக்கு 'செண்பகமே செண்பகமே' பாடிய அதே குரல். என் எல்லைக் கோட்டுக்கு வெளியே விழுகிறது, குழுவும் கொடி அசைக்கும் கூட்டத்தோடு சேர்ந்ததல்ல. ஆனால் அந்த ஆண்டுகளின் பிரிட்டனில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டால், வெள்ளைக்காரப் பையன்களின் இந்தப் பட்டியல் முழுதாகப் பதில் சொல்லாது.

## யாருக்கு எது?

மேடையில் பாடக் கூட்டத்தின் துணை வேண்டும் என்றால் 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்', கித்தார் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் 'வொண்டர்வால்'. நடனத்துக்கு 'கேர்ள்ஸ் அண்ட் பாய்ஸ்'. மனசு சோர்ந்த நண்பருக்கு 'லிவ் ஃபாரெவர்'. ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாத காதுக்கு 'பிட்டர் ஸ்வீட் சிம்பொனி', அதன் வயலின்களுக்கு மொழி தேவையில்லை.

ஒரே ஒரு பாட்டுக்குத்தான் இடம் என்றால் என் ஓட்டு 'காமன் பீப்பிள்'. மான்செஸ்டர் சதுக்கத்தில் நடந்ததற்கு ஈடாக பல்பிடம் எதுவும் இல்லை என்பதை நினைத்து நெடுநேரம் தயங்கினேன். ஆனால் அந்தச் சதுக்கம் பாட்டுக்குக் கொடுத்த பெருமை, பாட்டு தானாகச் சம்பாதித்ததல்ல. 'காமன் பீப்பிள்' பாட்டை வெறும் தாளில் எழுதிக் கொடுத்தாலும் அது நிற்கும்.

ஒரு நிபந்தனை. வானொலிக்காகச் சுருக்கிய பதிப்பைக் கேட்காதீர்கள். காணொளியில் ஓடுவதும் சுருக்கியதுதான். மூலையில் படுத்திருக்கும் நாயைப் போலச் சொல்லாமல் கடிப்பார்கள், வேடிக்கை பார்க்க வருபவனை யாருக்கும் பிடிக்காது என்று காக்கர் எச்சரிக்கும் சரணத்தை அதில் வெட்டிவிட்டார்கள். பாட்டின் பல் அங்கேதான் இருக்கிறது. 'டிஃபரன்ட் கிளாஸ்' ஆல்பத்தில் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் ஓடும் முழுப் பதிப்பைத் தேடுங்கள். அது பிடித்திருந்தால், 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் வில்லியம் ஷாட்னர் 2004-இல் இதையே பாடாமல் பேசிப் பதிவு செய்த பதிப்பையும் கேட்டுப் பாருங்கள். கேலிக்கூத்து என்று நினைத்துத்தான் போவீர்கள். நடுவில் ஆங்கிலப் பாடகர் ஜோ ஜாக்சன் பல்லவியைப் பிடிக்கும்போது நிமிர்ந்து உட்காருவீர்கள்.